உலகம் பார்க்கப் போன கன்றுகள்

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு மூலிகை ஆராய்ச்சிக்கூடம். அங்கே டாக்டர் வேதவல்லியிடம் அத்தியப்பன், குப்புராசு, நல்லுசாமி என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். அதுதான் தொல்லை.

மலையில் அருகிப்போன ஒரு சிறுகுறிஞ்சான் கொடி, வாசலில் ஒரே ஒரு தொட்டியில் நின்றது. அதன் நுனியைக் கிள்ளி, பாட்டிலுக்குள் சர்க்கரையும் உப்பும் கலந்த களியில் வைத்து, டாக்டரம்மா குட்டிக் கன்றுகளை உண்டாக்கியிருந்தார். வேர்விட்டவற்றைக் கப்புகளுக்கு மாற்றிய கையோடு அவர் ஊருக்குப் போகவேண்டி வந்தது.

அலமாரியிலிருந்த பாட்டில்களைக் காட்டி, "நான் வர்ற வரைக்கும் வாயைத் திறக்கவே கூடாது. திறந்தா உள்ளே கிருமி போயிடும்," என்றார். பிறகு கப்புகளைக் காட்டினார். "இந்தக் கன்னுங்களை வெளியுலகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க. வெயில் படக் கூடாது. இது செத்தா என் உழைப்பெல்லாம் போச்சு."

ஜீப் திருப்பம் தாண்டியதும் மூவரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள்.

மத்தியானம் ஒரு ஆடு வந்து தாய்க்கொடியை மோந்து பார்த்தது. ஆட்டை விரட்ட "ஏய்" என்றாவது சொல்ல வேண்டும். சொன்னால் உள்ளே கிருமி போய்விடும். ஆடு நிதானமாகத் தின்றது. மூவரும் கண்ணீர் வழியக் கடமையைச் செய்தார்கள். தடை கூடத்துக்குள் மட்டும்தான் என்று எண்ணி, சாயங்காலம் கேட்டைத் தாண்டி ரோட்டில் கால் வைத்த பிறகுதான், ஒரே குரலில், "ஆடு! ஆடு!" என்று கத்தினார்கள்.

"தாயில்லாப் பிள்ளைங்களாப் போச்சு," என்று அத்தியப்பன் தேம்பினான். "இனி நாமதான் நாலு இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் உலகத்தைப் பழக்கோணும்."

மறுநாள் கன்றுகளைத் தட்டில் அடுக்கி, குடை பிடித்து, நாமக்கல் பஸ் ஏறினார்கள்.

"லக்கேஜ் போடட்டுமா?" என்றார் கண்டக்டர்.

"பிள்ளைங்களைப் பாத்து லக்கேஜுங்கறீங்களே!" அத்தியப்பனுக்குச் சுருக்கென்றது.

"அப்ப டிக்கெட் எடு."

மூவரும் தலையைச் சேர்த்து யோசித்தார்கள்.

"வயசு என்னன்னு சொல்றது?" என்றான் குப்புராசு.

"பாட்டில்ல இருந்ததைச் சேக்கோணுமா, வேண்டாமா?" என்றான் நல்லுசாமி.

"வயித்துல இருந்ததை யாராச்சும் வயசுல சேப்பாங்களா? கைக்குழந்தைங்கதான்," என்று அத்தியப்பன் தீர்ப்புச் சொன்னான்.

கண்டக்டர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

நாமக்கல்லில் கன்றுகளுக்கு மலைக்கோட்டையைக் காட்டினார்கள். டீக்கடையில் அரசியல் கேட்க வைத்தார்கள். நாட்டு மருந்துக்கடை வாசலில்தான் அத்தியப்பன் அலறினான். அங்கே ஒரு சாக்கில் 'சிறுகுறிஞ்சான் பொடி' என்று எழுதியிருந்தது.

"மூடுங்கடா! சொந்தக்காரங்களை இந்தக் கோலத்துல பிள்ளைங்க பாக்கக் கூடாது!"

பயத்தில் காய்ச்சல் கண்டுவிடும் என்று குப்புராசு துண்டை நனைத்தே போர்த்தினான். திரும்பி வந்த பிறகும் ஈரத்துணி மாற்றியபடி, கன்றுகளை நிழலிலேயே வைத்திருந்தார்கள்.

டாக்டரம்மா வந்தார். மொட்டைத் தொட்டியைப் பார்த்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து போய்த் துணியை விலக்கினார். ஈரத்திலும் நிழலிலும் அத்தனை கன்றும் பசேலென்று நின்றது.

"ஒண்ணுகூடச் சாகலையே!" என்றார். "இனி கவலையில்லை. காலையில குழி வெட்டி எல்லாத்தையும் மண்ணுல வச்சுடுங்க."

அத்தியப்பனின் முகம் வெளுத்தது. "எல்லாத்தையுமுங்களா?"

"எல்லாத்தையும்தான்."

மறுநாள் விடிந்ததும் சங்குச் சத்தம் கேட்டு டாக்டரம்மா ஓடிவந்தார். தோட்டத்தில் மூன்று மொட்டைத் தலைகள். வரிசையாக நட்ட கன்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமந்தி மாலை.

அத்தியப்பன் மூக்கைச் சிந்திவிட்டு அருகில் வந்தான்.

"அடக்கம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. முகத்தை மூட மட்டும் மனசு வரலீங்க. பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்க மூணு பேருக்கும் லீவு வேணுமுங்க."