பிரகாசி அக்கா சாக்பீஸ்ல எழுதின பேரு

இந்தக் கதை நான் கண்ணால பார்த்தது இல்லை, கண்ணு. ஹாஸ்டல்ல எனக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி இருந்தா, அவ சொன்னது. அவளுக்கு அவ மாமி சொன்னது. நடுவுல யாராவது ஒண்ணு ரெண்டு சேர்த்திருக்கலாம், அதை முதல்லயே சொல்லிடறேன். நீ ‘ம்’ மட்டும் கொட்டு. ‘ம்’ நின்னுச்சுன்னா தூங்கிட்டேன்னு தெரிஞ்சுக்கறேன்.

ஒரு ஊர்ல ஒரு படகு இருந்துச்சு. கோஸ்ட் கார்டு படகு. இரும்புப் படகு. வயசாயிடுச்சுன்னு அதை வேலையை விட்டு நிறுத்தி, புயல் வந்தா ஆளுங்களைக் காப்பாத்த வச்சுக்கோங்கன்னு ஊருக்கே குடுத்துட்டாங்க. ஊர்க்காரங்க அதைக் கரையில ஏத்திக் கட்டை மேல நிறுத்தினாங்க. நாலு வருஷம் அப்படியே நின்னுச்சு. துரு ஏறி, காக்கா உக்கார்ந்து, ஆடு ஒதுங்கி.

ம்?

அப்புறம் ஒருநாள் குலசேகரன்னு ஒரு சார் வந்தாரு. அந்தப் படகுலயே இன்ஜின் பார்த்து ரிட்டயர் ஆனவரு. “சம்பளம் கிடையாது. டீ உண்டு. யார் யார் வர்றீங்க?”ன்னு கேட்டாரு. பதினாலு பேர் கை தூக்கினாங்க. அதுல ஒருத்தங்க பிரகாசி அக்கா. மீன் விக்கிறவங்க. காலையில கூடை காலியானதும் நேரா படகுக்கு வந்துடுவாங்க.

ஏன் வந்தாங்கன்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. பதினோரு வருஷம் முன்னாடி அவங்க வீட்டுக்காரர் சூசை, இன்ஜின் நின்னு போய், நடுக்கடல்ல மூணு நாள் கிடந்தாரு. இந்தப் படகுதான் அவரைத் தூக்கிட்டு வந்துச்சு. உள்ள ஒரு பெஞ்சுல உக்கார வச்சு டீ குடுத்தாங்களாம். அன்னையில இருந்து வீட்டுல தினமும் இதே பேச்சு. “என்ன டீ போடுற பிரகாசி? அந்த பெஞ்சுல ஒரு டீ குடிச்சேன் பாரு, அதான் டீ!” பதினோரு வருஷம், கண்ணு. ஒருநாள் விடாம. அதனால அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. அந்தப் படகு மறுபடியும் கடல்ல போகணும், அந்த பெஞ்சுல தான் ஒருதடவை உக்காரணும்.

சார் ரெண்டு ரூல் போட்டாரு. ஒண்ணு, எந்த வேலை செஞ்சாலும் செஞ்சவங்க பேரைப் பக்கத்துலயே சாக்பீஸ்ல எழுதணும். தப்பு வந்தா யாரைக் கேக்கறதுன்னு தெரியணும்ல? இன்னொண்ணு, கேக்காம எதுலயும் கை வைக்கக் கூடாது. வச்சா முதல் சவாரி கிடையாது.

அக்காவுக்கு எழுதத் தெரிஞ்சது தன் பேரு மட்டும்தான். மகளிர் குழுவுல கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டது. ஆனா படகு முழுக்க அந்தப் பேருதான். சரக் சரக்னு துரு சுரண்டின இடத்துல பிரகாசி. பொத்தல் அடைச்ச இடத்துல பிரகாசி. ஏணிக்குக் கீழ பிரகாசி.

ம்? சரி.

அஞ்சு மாசம் ஓடிப் போச்சு. மேல வெள்ளை, அடியில சிவப்பு, படகு பளபளன்னு ஆயிடுச்சு. மறுநாள் காலையில கிரேன் வரும், தண்ணியில இறக்கணும். அன்னைக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. அக்கா மட்டும் படகுக்கு அடியில குனிஞ்சு ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. பார்த்தா, அடியில அங்கங்க துணி சோப்புக் கட்டி மாதிரி ஏதோ பதிச்சிருக்கு. மொத்தம் பன்னண்டு. ஒவ்வொண்ணு மேலயும் பேப்பர் ஒட்டியிருக்கு. பேப்பரைப் பிரிச்சா, உள்ள பெயிண்டே இல்லை!

அந்த ஊர்ல ஒரு வழக்கம். வள்ளம் தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி, பொம்பளைங்க ஒரு சுத்து வந்து விரல் வச்சுப் பார்ப்பாங்க. ஒரு ஆணித் தலை கூடப் பெயிண்ட் படாம இருக்கக் கூடாது. இருந்தா அந்த வீட்டுக்கே கேவலம். அக்காவுக்குக் கை சும்மா இருக்குமா? ‘யாரோ பேப்பர் ஒட்டிட்டு மறந்துட்டாங்க’ன்னு நினைச்சு, பிரஷை எடுத்து, சர்ர் சர்ர்னு பன்னண்டுக்கும் அடிச்சு முடிச்சாங்க. அழகாத்தான் இருந்துச்சு. அதுக்குள்ள எல்லாரும் திரும்பி வர்ற சத்தம் கேட்டுச்சு. ‘கேக்காம கை வச்சுட்டோமே’ன்னு பேர் எழுதலை.

சாயங்காலம் டீ குடிக்கும்போது, கூட வேலை செஞ்ச டீச்சர் ஒருத்தங்க கேட்டாங்க. “சார், அடியில ஏதோ கட்டி இருக்கே, அது எதுக்கு?”

சார் சொன்னாரு. “அது துத்தநாகம். உப்புத் தண்ணி சும்மா இருக்காது டீச்சர், எதையாவது தின்னும். அதுக்குத் தீனியா அந்தக் கட்டியைக் குடுத்துடுவோம். அது கட்டியைத் தின்னுட்டு இரும்பை விட்டுடும். அதான் பேப்பர் ஒட்டி வச்சேன். அது மேல பெயிண்ட் பட்டா போச்சு. ஒரு மழைக்காலம் தாங்காது, அடி ஓட்டையாயிடும்.”

அக்கா டீ கிளாஸைக் கீழ வச்சாங்க.

அப்போ, சொல்லிடணும்னு எழுந்து சார்கிட்ட போனாங்க. சார் போன்ல இருந்தாரு. “காலையில ஏழு மணின்னா ஏழு மணி. அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துல கடல் உள்வாங்கித் தண்ணி வத்திடும்யா!”ன்னு கிரேன்காரரைத் திட்டிட்டு இருந்தாரு. அக்கா நின்னு பார்த்துட்டுத் திரும்பி வந்துட்டாங்க. இது முதல் தடவை.

அப்புறம் போன் முடிஞ்சதும் மறுபடியும் போனாங்க. சார் இவங்களைப் பார்த்ததும் ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டை ஒண்ணை எடுத்து நீட்டினாரு. “இது உங்களுக்குத்தான், பிரகாசியம்மா. நாளைக்கு முதல் ஆளா ஏறுங்க.” அக்கா சட்டையை வாங்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. இது ரெண்டாவது தடவை.

வீட்டுல சூசைகிட்ட சொன்னாங்க. அவர் சோத்தைப் பிசைஞ்சுகிட்டே கேட்டாரு.

“பக்கத்துல உன் பேரு இருக்கா?”

“இல்லை.”

“யாராவது பார்த்தாங்களா?”

“இல்லைங்க.”

“அப்புறம் என்ன? ஒரு ஏறு ஏறிட்டு வந்து நாளன்னைக்கு சொல்லு.”

“படகு நடுக்கடல்ல ஓட்டையாச்சுன்னா?”

“நாளன்னைக்கேவா ஓட்டையாகப் போகுது?”

“நீங்க மூணு நாள் கிடந்தப்ப, அந்தப் படகுக்காரங்களும் நாளன்னைக்குப் போவோம்னு இருந்திருந்தா?”

சூசை ரசம் ஊத்திக்கிட்டாரு.

ம்? முழிச்சிட்டுதான் இருக்கியா? சரி.

காலையில கிரேன் வந்துடுச்சு. கட்சிக் கொடி, மாலை, பலூன், நாதஸ்வரம். டர்ர்ர்ர்னு கிரேன் சத்தம், பீ பீன்னு ஹாரன். படகுக்கு அடியில ரெண்டு பட்டையைப் போட்டு இழுத்தாங்க. கிர்ர்ரீச்... படகு ஒரு முழம் மேல எழும்பிடுச்சு. அக்கா, “சார்! சார்!”னு கத்தறாங்க. அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? இது மூணாவது தடவை.

அப்போ அக்கா என்ன பண்ணாங்க தெரியுமா? மடியில இருந்த சாக்பீஸை எடுத்தாங்க. குனிஞ்சு ஓடினாங்க. ஓரமா இருந்த ஒரு கட்டி மேல, சிவப்புப் பெயிண்ட் மேலயே, பெருசா எழுதினாங்க. பி. ர. கா. சி.

“ஏய், யாரும்மா அது அடியில!”ன்னு யாரோ கத்தினாங்க. சார் ஓடி வந்தாரு, திட்டறதுக்குத்தான். வந்தவர் அந்தப் பேரைப் பார்த்தாரு. பேருக்கு அடியில இருந்த சிவப்பைப் பார்த்தாரு. கையை மேல தூக்கினாரு. கிரேன் கப்புனு நின்னுச்சு. நாதஸ்வரக்காரரும் எதுக்குன்னு தெரியாம நிறுத்திட்டாரு.

“எத்தனை?”ன்னு கேட்டாரு சார்.

“எல்லாமே சார்.”

சார் கிரேன்காரருக்குக் கையை இறக்கிக் காட்டினாரு. படகை மறுபடியும் கட்டை மேல உக்கார வச்சாங்க. அப்புறம் அவர் கம்பி பிரஷ் ஒண்ணை எடுத்து அக்கா கையில குடுத்தாரு, இன்னொண்ணைத் தான் எடுத்துக்கிட்டாரு. எல்லாருமா படுத்துக்கிட்டுச் சுரண்டினாங்க. ஸ்க்ரக், ஸ்க்ரக், ஸ்க்ரக். மாலையோட வந்த பெரிய மனுஷர் கடிகாரத்தைப் பார்த்தாரு, காரைப் பார்த்தாரு, போயே போயிட்டாரு. தண்ணி வத்தறதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது படகு கடல்ல இறங்குச்சு. தொபுக்!

எல்லாரும் ஏறினாங்க. அக்கா ஏறலை. மிதவைச் சட்டையைக் கழட்டி, மடிச்சு, சார்கிட்ட நீட்டினாங்க. சார் வாங்கிக்கிட்டாரு. ரூல் ரூல்தானே. படகு தட தட தடன்னு போச்சு. அக்கா கம்பி பிரஷோட கரையில நின்னு பார்த்துட்டு, மீன் கூடையைத் தூக்கிட்டு நடந்தாங்க.

என்ன? அழுதாங்களான்னா? எனக்குச் சொன்னவ அதைச் சொல்லலை. நானா ஒண்ணு சொல்ல முடியாது.

அப்புறம் ஏழு மாசம். ஒரு மழைக்காலம் முழுசாப் போச்சு. ஒரு பெரிய காத்துல அந்தப் படகு போய் ஆறு பேரைக் கூட்டிட்டும் வந்துச்சு. அதுக்கப்புறம் அடியைப் பார்க்கக் கரையில ஏத்தினாங்க. சார் அக்காவுக்கு ஆள் விட்டாரு. “நீங்களே முதல்ல தொட்டுப் பாருங்க”ன்னாரு.

அக்கா குனிஞ்சு போய்த் தடவிப் பார்த்தாங்க. கட்டியெல்லாம் ஒரு மாசம் துவைச்ச சோப்பு மாதிரி தேஞ்சு குழி விழுந்திருக்கு. இரும்பு? வழுவழுன்னு இருக்கு. ஒரு பொட்டுத் துரு இல்லை.

பழைய கட்டியைக் கழட்டிட்டுப் புதுசு போட்டாங்க. படகை இறக்கும்போது சார் சொன்னாரு. “ஏறுங்க.”

“ரூல் சார்?”

“அது முதல் சவாரிக்கு. இது எத்தனாவதுன்னு எனக்கே ஞாபகம் இல்லை.”

அக்கா ஏறினாங்க. நேரா உள்ள போய் அந்த பெஞ்சுல உக்கார்ந்தாங்க. யாரோ ஒரு டீ குடுத்தாங்க. ஆறிப் போன டீ, சர்க்கரை வேற ஜாஸ்தி. வெளியில பார்த்தா, சுத்தியும் தண்ணி. தூரத்துல கோடு மாதிரி கரை. மடக் மடக்குனு குடிச்சு முடிச்சாங்க.

வீட்டுக்கு வந்ததும் சூசை கேட்டாரு, “டீ எப்படி?”

“நல்லாத்தான் இருந்துச்சு. கரை தெரியிற பக்கமா உக்கார வச்சு வெந்நீரைக் குடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும்”னாங்க. அப்புறம் அடுப்பைப் பத்த வச்சு ரெண்டு பேருக்கும் டீ போட்டாங்க. அன்னைக்கு அவர் ஒண்ணும் குறை சொல்லலையாம்.

ம்? ...ம் வரலையே. சரி, கடைசியா ஒண்ணே ஒண்ணு.

போன மாசம் வேலை விஷயமா அந்தப் பக்கம் போனப்ப, நான் போய்ப் பார்த்தேன். கழட்டின கட்டியை எல்லாம் ஷெட்ல ஒரு வாளியில போட்டு வச்சிருக்காங்க. எண்ணினேன். கதையில பன்னண்டு, வாளியில பத்துதான் இருக்கு. ரெண்டு தரம் எண்ணினேன், பத்துதான். நடுவுல யாரோ ரெண்டு சேர்த்திருக்காங்க. அதுல ஒரு கட்டியோட மூலையில நகக்கண் அளவு சிவப்புப் பெயிண்ட் சுரண்டாம விட்டுப் போயிருக்கு. அந்த இடம் மட்டும் தேயவே இல்லை.

படகு தண்ணியில, கட்டி வாளியில, நீ பாயில. கதை இங்கயே நின்னுடுச்சு. தூங்கு.