ராசா கால் கழுவிய தண்ணீர்

மருதங்கோட்டை என்று ஒரு நாடு இருந்த காலம். அதை உதயபூபதி என்ற ராசா ஆண்டார். நல்லவர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் மனுஷன் எதையும் நம்பிவிடுவார். அந்தக் காதுக்குத் தீனி போடவே அரண்மனையில் அனவரதர் என்று ஓர் ஆள் இருந்தார். தாம்பூலமோ சந்தனமோ, சபையில் எது வந்தாலும் முதல் மரியாதை அவருக்குத்தான் நடக்க வேண்டும். தப்பித்தவறி மந்திரி பூவராகருக்கு முதலில் போய்விட்டால், அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஒருநாள் அனவரதர், "பிரபு, தங்கள் பாதம் கழுவிய தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போகிறதே, எனக்கு மனசு பொறுக்கவில்லை. அதை ஊர்க்குளத்தில் விட்டால் குளமே தீர்த்தமாகிவிடும்" என்றார். ராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் மேளதாளத்தோடு பாதபூசை, அந்தத் தண்ணீர் குளத்தில். ஊர்ச் சனங்கள் அதை மொண்டு பச்சையாகவே குடிக்க வேண்டும். காய்ச்சினால் ராசாவின் பாதத்தையே சுட்ட மாதிரி. அதற்குத் தண்டனை கழுமரம். கேட்டீர்களா கூத்தை?

அந்த வருசம் மழை பேயாகப் பெய்தது. யானைக்கொட்டில் லத்தியும் தெருச் சாக்கடையும் குளத்துக்குள் இறங்கின. ஊரில் வாந்திபேதி கிளம்பிவிட்டது. தெருவுக்குத் தெரு பாடை கட்டினார்கள். அரண்மனைக்கு மட்டும் மலைச்சுனைத் தண்ணீர் வண்டியில் வந்ததால், அங்கே ஒருத்தருக்கும் வயிறு கலங்கவில்லை. "சனங்களுக்குப் பக்தி போதவில்லை பிரபு, அதனால்தான் சாகிறார்கள்" என்றார் அனவரதர். பாவி, இப்படியும் ஒரு நாக்கு.

நெசவுத் தெருவில் காத்தாயி என்றொருத்தி. அவளுடைய மூத்த மகன் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் போனான். கைப்பிள்ளைக்கும் பேதி கண்டதும் அவள் சட்டத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஒரு பிடி சீரகம் போட்டு ஆற்றினாள். அரிசியைக் குழைய வேகவைத்துக் கஞ்சியை வடித்து, உப்புப் போட்டாள். சாம்பலால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, வாய் வாயாகப் புகட்டினாள். பிள்ளை கண் திறந்தது. ஆனால் அடுப்பில் குளத்துத் தண்ணீர் கொதிப்பதைக் காவலன் பார்த்துவிட்டான். பிள்ளையும் கையுமாக அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"பிரபு, இவள் தங்கள் பாதத்தையே அடுப்பில் ஏற்றிவிட்டாள்" என்றார் அனவரதர்.

"ஏன் அப்படிச் செய்தாய்?" என்று ராசா கேட்டார்.

"மூத்தவனுக்குப் பச்சையாத்தான் குடுத்தேன் மகாராசா. அவனை மண்ணுல வச்சிட்டு வந்துட்டேன். இவனுக்குக் காய்ச்சிக் குடுத்தேன். இந்தா, இடுப்புல இருக்கான்."

ராசா முகம் கறுத்துப்போனது. "சட்டம் சட்டம்தான். இவளைக் கழுவேற்றுங்கள்."

மந்திரி பூவராகர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தண்ணீர் கெட்டது என்று நேராகச் சொன்னால், கழுமரம் ஒன்றுக்கு இரண்டாகும். அவர் எழுந்து கைகூப்பினார்.

"உத்தரவு பிரபு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு குறையைத் தீர்க்க வேண்டும். எல்லாவற்றிலும் முதல் மரியாதை அனவரதருக்கு என்பது நம் சபை வழக்கம். இந்தத் தீர்த்தத்தைக் கண்டுபிடித்ததே அவர். அவருக்கு இன்றுவரை நாம் ஒரு வாய் கொடுத்ததில்லை. நெசவுத் தெருவெல்லாம் குடித்தாகிவிட்டது, அவர் இன்னும் காத்திருக்கிறார். குளத்திலிருந்து ஒரு சொம்பு கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"ஆமாம், அது நம் தப்புதான். கொண்டு வாருங்கள்" என்றார் ராசா.

சொம்பு வந்தது. நாற்றம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"இன்றைக்கு எனக்கு விரதம் பிரபு" என்றார் அனவரதர்.

"தீர்த்தம் குடித்தால் விரதம் கெடாது" என்றார் மந்திரி.

"தொண்டையில் வேறு புண்."

"அதையும் ஆற்றும் என்று ஊரெல்லாம் பறையறையச் சொன்னது தாங்கள்தானே?"

அனவரதருக்கு வேர்த்துக் கொட்டியது. "அப்படியானால் இந்த முதல் மரியாதையை மந்திரியாருக்கே விட்டுக்கொடுக்கிறேன்."

சபை வாயைப் பிளந்தது. ஒரு வெற்றிலையைக்கூட விட்டுக்கொடுக்காத ஆள் அவர். ராசா கொஞ்சம் மந்தம்தான், குருடு இல்லை. இறங்கி வந்து சொம்பைத் தன் கையாலேயே எடுத்து நீட்டினார்.

"குடி."

அனவரதர் காலில் விழுந்தார். "வேண்டாம் பிரபு. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது."

"எனக்கும் இருந்தான்" என்றாள் காத்தாயி. சத்தமே போடவில்லை. அழவும் இல்லை.

ராசா சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அவளை விட்டுவிடச் சொன்னார். பாதபூசை அன்றோடு நின்றது. இனி எல்லா வீட்டிலும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று பறை போட்டார்கள். அதற்கு வேண்டிய விறகை அனவரதர் தன் தலையில் சுமந்து வீடு வீடாகப் போட வேண்டும், சாவு விழுந்த வீட்டில் நின்று செத்தவர் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும் என்று தீர்ப்பானது. மந்திரியின் கழுத்தில் முத்துமாலை போட வந்தார் ராசா. "மாலை வேண்டாம் பிரபு, அந்தக் கழுமரத்தை வெட்டி முதல் விறகாகக் கொடுங்கள், அது போதும்" என்றார் பூவராகர்.

மறுநாள் ராசா நெசவுத் தெருவுக்கு நடந்தே போனார். காத்தாயி வாசலில் பிள்ளைக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினார்.

"கையைக் கழுவிட்டுத் தூக்குங்க மகாராசா" என்றாள் அவள்.

காவலர்கள் கை வாளுக்குப் போனது. ராசா அவர்களைத் திரும்பிப் பார்த்தார், கை இறங்கியது. அவர் வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டி ஓரம் போய், பிறந்ததிலிருந்து பழகிய பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். யாரும் தண்ணீர் ஊற்ற வரவில்லை. கடைசியில் அவரே குனிந்து, தொட்டியடியில் கிடந்த சொம்பை எடுத்தார்.