கழுவாத செம்பு

மடம் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். மஞ்சனேரியின் கரையில் ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு புங்கமரம், ஒரு கயிற்றுக்கட்டில், அவ்வளவே. அங்கே இருந்தவர் அங்கயற்கண்ணி அம்மை. நாற்பது வயது இருக்கும். அவருடைய சீடர் மருதப்பன் அறுபதைத் தாண்டியவர், டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்து மூடியவர். இந்த வயசுக் கணக்கைச் சொல்லி யாராவது சிரித்தால் மருதப்பனுக்குக் கோபம் வரும். அம்மைக்கு வராது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் மருதப்பன் குடைகூட இல்லாமல் வந்து நின்றார்.

"அம்மை, ஏரி போச்சு."

"முதல்ல தலையைத் துவட்டுங்க."

"மழை விட்டதும் ஊர்க்கூட்டமாம். போன வருசம் நல்ல மழையிலயே முட்டளவுதான் தண்ணி நின்னுச்சு. மாசியில கட்டாந்தரை. இனி இது ஏரியே இல்ல, பஸ் ஸ்டாண்டுக்கு விட்டுருவோம்னு பேசுதாங்க. நம்ம சங்கத்து ஆளுங்களே பேசுதாங்க அம்மை."

ஏரிக் காப்புச் சங்கத்தைத் தொடங்கியவரே மருதப்பன்தான். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆற்றின் தலைமாட்டில் ஒரு குன்று உண்டு. மனை போடுவதற்காக அதை வெட்ட ஆரம்பித்த வருடம், ஆறு செக்கச்செவேலென்று வந்து ஏரியில் விழுந்தது. ஊரே பதறிப்போய்ப் படித்துறையில் கூடியது. ஏரியில் மீன்பிடித்துப் பிழைத்த மாடத்தி எழுந்து, "பேசிக்கிட்டு இருந்தா ஆகாது. வாங்க, மேல போய் பொக்லைன் முன்னால உக்காருவோம்" என்றாள். பாதிப் பேர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தும் விட்டார்கள்.

அப்போது மருதப்பன்தான் கையைத் தூக்கி அமர்த்தினார். "பொறுங்க. அம்மை ஒரு கதை சொல்லியிருக்காங்க" என்று ஆரம்பித்தார். கலங்கிய பானைக்குள் ஒருவன் கையை விட்டு அழுக்கைப் பொறுக்கினானாம். பொறுக்கப் பொறுக்க இன்னும் கலங்கியதாம். அலுத்துப்போய்ச் சும்மா விட்டானாம், விடிந்து பார்த்தால் தெளிந்திருந்ததாம்.

கதை நல்ல கதை. எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏரியும் தெளிந்தது. இறங்கி நின்றால் கால்விரல் தெரிந்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் மழை விட்டு ஏரி தெளிகிற நாளில் சங்கத்தார் படித்துறையில் பொங்கல் வைத்தார்கள். கரையில் கிடந்த பாலித்தீன் பைகளைப் பொறுக்கினார்கள், போர்டு எழுதி வைத்தார்கள், வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்து தண்ணீரைக் காட்டினார்கள். குன்று பாதியாகிவிட்டது. அதை யாரும் கூட்டிப்போய்க் காட்டவில்லை.

ஈரத்துண்டைக் கையில் பிடித்தபடி மருதப்பன் கேட்டார்.

"நான் உங்க கதையைத்தானே சொன்னேன். கதை தப்பா அம்மை, நான் தப்பா?"

அம்மை கட்டிலை விட்டு எழுந்தார். தான் தண்ணீர் குடிக்கும் செம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஆறு ஏரிக்குள்ள விழுற இடத்துல போய் மொண்டுட்டு வாங்க."

மருதப்பன் மொண்டுவந்தார். காவியைக் கரைத்த மாதிரித் தண்ணீர். அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள்.

மறுநாள் காலையில் அம்மை கேட்டார். "எப்படி இருக்கு?"

"தெளிஞ்சிருச்சு."

"மெதுவா மரத்துக்கு ஊத்துங்க."

ஊற்றினார். அடியில் மண் படிந்திருந்தது. தேங்காய் நாரைத் தேடினார்.

"கழுவ வேண்டாம். போய் மொண்டுட்டு வாங்க."

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. அம்மை மண்பானையிலிருந்து அகப்பையால் மொண்டு கையில் ஊற்றிக் குடித்துக்கொண்டார். மருதப்பனுக்கு முதலில் இது பொறுமைக்கான பாடம் என்று தோன்றியது. பாடம் என்ன என்று தெரியாத சீடர்கள் எல்லாருக்கும் அது பொறுமை என்றுதான் தோன்றும். மழை வலுத்தது. ஆறு பெருகி, தண்ணீர் களியாக வந்தது. அவர் மொண்டுவருவதும், தெளிந்ததை மரத்துக்கு ஊற்றுவதுமாக இருந்தார்.

கார்த்திகை முடிகிற நேரத்தில் ஒருநாள் செம்பை ஆற்றில் முக்கி எடுத்தார். கை கனத்தது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை. மறுபடி முக்கினார். திரும்பி வரும் வழியில் இரண்டு தடவை நின்று செம்புக்குள் பார்த்தார்.

"அம்மை, இதுல ஒரு வாய்த் தண்ணிதான் கொள்ளுது."

"வைங்க. தெளியட்டும்."

மறுநாள் காலையில் மருதப்பன் செம்பைக் குனிந்து பார்த்தார்.

"தெளிஞ்சிருக்கா?" என்றார் அம்மை.

"தெளிஞ்சிருக்கு." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கழுத்துவரை மண் நிறைந்த செம்பில், அந்த ஒரு வாய்த் தண்ணீர் பளிங்காக நின்றது.

செம்பிலிருந்து கண்ணை எடுத்து ஏரியைப் பார்த்தபடி பேசினார்.

"மீன் இல்லாமப் போய் மாடத்தி திருப்பூருக்குக் கிளம்பினப்ப, அவளை பஸ் ஏத்திவிட்டது நான்தான் அம்மை. வழியில படித்துறையில நிப்பாட்டி, 'தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு பாரு, எல்லாம் சரியாயிரும்'னு சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"தண்ணியைப் பாக்கல. என்னைத்தான் பாத்தா."

அம்மை செம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கதையை நான் உங்களுக்கு எப்ப சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"எனக்கும் என் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லாத சமயம்."

"உங்க தம்பிக்காகச் சொன்னது."

மருதப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான் அதை எடுத்து ஏரிக்குச் சொன்னது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். நாலு பேர் வந்து, 'உங்க கதையாலதான் ஊர் அமைதியாச்சு'ன்னு சொன்னாங்க. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு."

"அம்மை..."

"நீங்க பொங்கல் வச்சப்பவெல்லாம் நானும் வந்து கைநீட்டி வாங்கித் தின்னேன். இங்க உக்காந்துதான் தினமும் ஏரியைப் பாக்கேன். நல்லா தெளிஞ்சிருக்குன்னுதான் நானும் பாத்தேன்."

அவர் மடியிலிருந்த செம்பின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மருதப்பன் தன் குருவை அப்படிப் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை மடித்து மடித்து வைத்தார்.

மழை விட்டது. கூட்டத்தன்று காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். முகமும் வெளுத்திருந்தது.

"என்ன சொல்லட்டும் அம்மை? ஏதாவது ஒரு கதை சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டே போதும்னு கைதூக்கிருவாங்க. விட்டா ஏரி இருந்த அடையாளமே இருக்காது."

"கதை வேண்டாம். மாடத்திக்குப் போன் போட்டீங்களா?"

"போட்டேன். நான் யாருன்னு சொன்னதும் வச்சிட்டா."

அம்மை கண்ணை மூடித் திறந்தார். "திரும்பப் போடுங்க. எடுக்கலன்னா நாளைக்கும் போடுங்க." பிறகு செம்பை எடுத்து நீட்டினார். "இதைக் கொண்டுபோய்க் கூட்டத்துக்கு நடுவுல வைங்க. வைக்கும்போது ஒரு தடவை தண்ணி ஊத்தி, எவ்வளவு கொள்ளுதுன்னு காட்டுங்க. பொறவு, மேல குன்றுக்குப் போறதுக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு மட்டும் கேளுங்க. நானும் வாரேன்."

மருதப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்றார்.

"யார் குடுத்ததுன்னு கேப்பாங்க. கதையும் உங்களோடது, செம்பும் உங்களோடதுன்னா, 'அம்மையே தப்பாச் சொல்லிட்டாங்களா'ன்னு பேசுவாங்க. உங்க பேரு கெட்டுப்போகும். நானா வச்சேன்னு சொல்லிக்கிடுதேன்."

அம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்குக் கதையை என் பேரைச் சொல்லித்தானே சொன்னீங்க. இதையும் அப்படியே சொல்லுங்க."