கடமானுக்குள் இருந்த குண்டு

மருதடி ஜமீன்தாருக்குச் சீமையிலிருந்து ஒரு சின்னத் துப்பாக்கி வந்தது. அதன் குண்டு பயறு பருமன்தான். முயலுக்குப் போதும், மானுக்குப் பத்தாது என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும். அதனால் அவரே ஒரு ரகசிய ஏற்பாடு செய்திருந்தார். அவர் சுடும் அதே நொடியில், பின்னால் புதருக்குள்ளிருந்து வேலைக்காரன் கொம்பையா பெரிய துப்பாக்கியால் சுடுவான். மான் விழும். பேர் ஜமீன்தாருக்கு!

அன்றைக்கு விழுந்தது ஆளுயரக் கடமான். கூட வந்திருந்த பக்கத்து ஜமீன்தார் நம்பவில்லை.

"இந்தப் பொடித் துப்பாக்கியா இதைச் சாய்ச்சது?"

மருதடியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஏற்பாடே மறந்துபோனது.

"டேய் கொம்பையா! மானைக் கீறி என் குண்டை எடுத்துக் காட்டுடா! இல்லேன்னா குடும்பத்தோட ஊரைவிட்டே ஓடிடு!"

மானுக்குள் கிடப்பது கொம்பையா சுட்ட குண்டு. உண்மையைச் சொன்னால் முதுகுத்தோல் உரியும். கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. கத்தியால் கீறித் துழாவினான். கையில் வந்ததோ இலந்தைப்பழம் பருமன் குண்டு!

கொம்பையா அதை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான்.

"எசமான் குண்டேதான் சாமி! உள்ளே போகையிலே பயறளவுதான் இருந்துச்சு. கடமான் கறியைத் தின்னு கொழுத்துப் போச்சு!"

பக்கத்து ஜமீன்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓய், குண்டை நீரே வச்சுக்கும். அதை வளர்த்த ஆளை எனக்குக் கொடும்!"

"முடியவே முடியாது!" என்று அலறினார் மருதடியார். "அவன் போயிட்டா எனக்கு மான் எப்படிய்யா விழும்?"