சுலோசனா எடை குறைத்த கதை

வேலூரில் பளு தூக்கச் சொல்லித்தரும் கூடம் ஒன்று இருந்தது. சொல்லித்தருபவள் எஸ்தர். வயது முப்பதைத் தாண்டவில்லை. ஆனாலும் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் மாஸ்டர்தான். அதிகம் பேச மாட்டாள்.

அங்கே படித்தவர்களில் மூத்தவள் சுலோசனா. பேரன் பேத்தி எடுத்தவள் இரும்பைத் தொட வந்தாள் என்றால் சும்மா இல்லை. முட்டிவலிக்கு எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். மகராசி வாயைக் கட்டினாள். ராத்திரிச் சோற்றையே விட்டாள். எடை மளமளவென்று இறங்கியது. கூடவே உடம்பில் இருந்த வலுவும் இறங்கிவிட்டது.

கணவர் தயாளன் பக்கவாதத்தில் படுத்தவர். ஒருநாள் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இருவரும் தரையில் சரிந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கிவிடும்வரை அப்படியே கிடந்தார்கள், பாவம்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அப்பாவை ஹோம்லதான் சேர்க்கணும்மா," என்றான் மகன்.

அந்த வார்த்தை அவளுக்குத் தாங்கவில்லை. மறுநாளே எஸ்தர் முன்னால் போய் நின்றாள்.

"எடையும் குறையணும் மாஸ்டர். அவரையும் நானே தூக்கணும்."

எஸ்தர் முதலில் வெறும் கம்பியைக் கொடுத்தாள். முட்டியை மடக்கி, முதுகு வளையாமல் தூக்கப் பழக்கினாள். பிறகு இரண்டு முனையிலும் சின்னச் சின்ன பிளேட்டாக ஏற்றினாள். ராத்திரி பட்டினி கூடாது, முட்டையும் பருப்பும் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றாள்.

சில மாதங்கள் போயின. ஒரு காலை, எடை மெஷினில் ஏறி இறங்கிய சுலோசனா, இரும்பைத் தூக்குவதை விட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"முள்ளு அசைய மாட்டேங்குது மாஸ்டர். பட்டினி கிடந்தப்ப சரசரன்னு இறங்குச்சு. பேசாம பழையபடி ராத்திரிச் சோத்தை விட்டுடறேன். இந்த இரும்பு எனக்கு வேணாம்."

எஸ்தர் அவள் கணவரைப் பற்றிக் கேட்டாள்.

"சார் எப்படிம்மா இருக்காரு?"

கேட்டதுதான் தாமதம், சுலோசனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதை ஏன் கேக்கறீங்க. மனுஷன் நாளுக்கு நாள் உருகிட்டு வராரு. முன்னெல்லாம் கல்லாட்டம் கனப்பாரு. இப்ப ஒரே பிடியில எழுந்து வந்துடறாரு. உள்ளுக்குள்ள என்ன நோவோன்னு பயமா இருக்கு."

"சாப்பிடறாரா?"

"அதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. மூணு வேளையும் தட்டை வழிச்சுடறாரு."

"சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சா?"

"எங்க! வயித்துகிட்ட பொத்தானே போட முடியல. நேத்துகூட பெருசா ஒரு சட்டை எடுத்து..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"அவரு இளைக்கலம்மா," என்றாள் எஸ்தர்.