புல்லுக்கு ஒரு குடம்

நகரத்தைத் தாண்டி, வயலை மூடி வீடு கட்டிய மனைப்பிரிவு ஒன்று. அங்கே வேதவல்லி என்று ஒரு டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, தண்ணீர் அதிகம் கேட்காத தோட்டம் போட்டுக் கொடுத்து வந்தார். முற்றத்துச் சிமெண்ட் கல்லைப் பெயர்த்து மண்ணைத் திறப்பார். குளிக்கிற தண்ணீரைக் கல்வாழைப் பக்கம் திருப்பிவிடுவார். செடியைச் சுற்றிச் சருகு போட்டு மூடுவார். புல்தரை இருந்த இடத்தில் ஆவாரையும் நந்தியாவட்டையும் வரும்.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் அருணகிரி. டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தனி ஆள். ஊரார் வீட்டுப் புல்லையெல்லாம் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி எடுத்துவிடுவார். தன் வீட்டுப் புல்லை மட்டும் தொடவே மாட்டார்.

அது அவர் மனைவி சௌந்தரம் நட்டது. மண்டியிட்டுக் கொத்துக் கொத்தாக நட்டாள். அவள் இறந்தபோது அவளைக் கிடத்தியதும் அதன்மேல்தான். கடைசியாகக் குளிப்பாட்டிய தண்ணீர் அந்த மண்ணில்தான் இறங்கியது.

போன கோடையில் புல் பழுத்தபோது அருணகிரி ஆழ்குழாய்ப் போரை இன்னும் ஆழமாக இறக்கினார். புல் பச்சையானது. எதிர்வீட்டுக் கன்னியம்மாவின் கிணறு வற்றியது. கன்னியம்மா அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்தக் கோடையிலும் ஓரமெல்லாம் மஞ்சள் தட்டத் தொடங்கியது. அருணகிரி டீச்சரைக் கூட்டிவந்து காட்டினார்.

"குறைஞ்ச தண்ணியில இதைக் காப்பாத்த ஒரு வழி சொல்லுங்க டீச்சர்."

"என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?"

"வெயில் ஏறுறதுக்குள்ள தண்ணி விட்டுடறேன். ஒட்ட வெட்டுறதில்ல. மக்கின எரு தூவியிருக்கேன். நீங்க சொன்னது அத்தனையும் செஞ்சாச்சு."

"அப்ப என்கிட்ட மிச்சம் ஒண்ணும் இல்லையே சார்."

"சொட்டுநீர்க் குழாய் போட்டா?"

"போடலாம். சொட்டப்போறதும் அதே போர் தண்ணிதான்."

அருணகிரி மஞ்சள் தட்டிய ஓரத்தைக் காலால் நீவினார்.

"எதிர்வீட்டுக் கிணத்தை எட்டிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அடியில ஒரு செருப்பு கிடக்குது."

அவர் புல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சௌந்தரம் கிடந்த இடம் டீச்சர் இது. இதைக் காயவிட்டா அவளை இன்னொரு தடவை தூக்கிக் கொடுத்த மாதிரி."

டீச்சர் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார்.

"காயவிட வேணாம். நாளைக்கு மட்டும் நான் சொல்றபடி தண்ணி விடுங்க. மோட்டாரைப் போடாதீங்க. ஒரு குடத்தை எடுத்துக்கிட்டு லாரித் தண்ணிக்கு வரிசையில நில்லுங்க. எதுக்குன்னு யாராவது கேட்டா, புல்லுக்குன்னு சொல்லுங்க. பிடிச்சதைக் கொண்டாந்து இங்க ஊத்துங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் அவர் குடத்தோடு போனபோது தெருமுனையில் லாரி நின்றிருந்தது. வரிசையில் ஆம்பளை என்று அவர் ஒருவர்தான்.

"கழுத்தைப் பிடிச்சுத் தொங்கவிட்டு வர்றாரு பாரு, பெட்டி மாதிரி," என்றாள் ஒருத்தி. "சார், அது குடம். ரயிலு ஏறப் போகல நீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அருணகிரியும் சிரித்துவைத்தார்.

கன்னியம்மா நடுவில் இருந்தாள். மூன்று குடங்களைக் காலால் நகர்த்தி நகர்த்தி வந்துகொண்டிருந்தாள். அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அவரைக் கண்டதும் திரும்பினாள்.

"காலையில உங்க மோட்டார் சத்தம் கேக்கலையேன்னு நினைச்சேன். உங்க போரும் போச்சா சார்?"

அருணகிரி வாயைத் திறந்தார். புல் என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது.

"விடுங்க. யாருக்குத்தான் இல்ல. இப்படி எனக்கு முன்னாடி வந்து நில்லுங்க."

"வேணாம்மா. பிள்ளை பெத்த வீடு உன்னுது."

"என் வீட்டுல தூக்கிச் சுமக்க நாலு கை இருக்கு. உங்களுக்கு ஒரு டம்ளர் மொண்டு குடுக்க யாரு இருக்கா?"

"தனி ஆளு, விடுங்கடி," என்று பின்னால் நின்றவர்களும் சொன்னார்கள். யாரோ அவர் குடத்தை வாங்கிக் கன்னியம்மாவின் குடத்துக்கு முன்னால் வைத்தார்கள்.

அவர் முறை வந்தது. குடம் நிறைந்தது. அடுத்துக் கன்னியம்மா முதல் குடத்தை வைத்தாள். குழாய் இரண்டு தடவை இருமியது. செம்மண் கலங்கலாகக் கொஞ்சம் வந்து நின்றுபோனது.

"அவ்வளவுதான்மா, காலி," என்றான் லாரிக்காரன்.

"அடுத்த வண்டி எப்பப்பா?"

"நாளான்னைக்கு. அதுவும் நிச்சயமில்ல. பிடிக்கிற இடத்துல எங்களுக்கே வரிசை."

கன்னியம்மா குடத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். பிறகு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"இதை நீ எடுத்துக்கம்மா," என்றார் அருணகிரி.

"இருக்கிற ஒரு குடத்தையும் குடுத்துட்டு எதைக் குடிப்பீங்க? பார்த்துப் போங்க சார். தளும்புது."

அவர் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாதிச் சட்டை நனைந்திருந்தது. டீச்சர் புல்லின் ஓரமாக நின்றிருந்தார்.

"கிடைச்சுதா சார்?"

"கிடைச்சுது."

"எதுக்குன்னு கேட்டாங்களா?"

"போர் போச்சான்னு கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டிட்டேன்." நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிக்கிறவரை அவர் குடத்தை இறக்கவில்லை.

டீச்சர் எதிர்வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"மோட்டாரைப் போட்டுக் கன்னியம்மாவுக்கு நாலு குடம் குடுத்திடறேன் டீச்சர்."

"குடுங்க."

அருணகிரி நகரவில்லை.

"போட்டா சத்தம் கேக்குமே."

"கேக்கும்."

எதிர்வீட்டில் குழந்தை அழுதது. வெறுங்குடங்களை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. அருணகிரி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அப்ப இந்தக் குடத்தை நான் என்ன பண்ணட்டும்?"

டீச்சர் இரண்டடி ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்.

"புல்லுக்குத்தானே பிடிச்சீங்க சார். ஊத்துங்க."