இசட் தேய்ந்த கீபோர்டு

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஒரு டிசைன் கடை. குரு பெனடிக்டுக்கு முப்பது வயது. சிஷ்யை கோமளவல்லிக்கு நாற்பத்து நாலு. அதனால் அவன் "அக்கா" என்பான், அவர் "குருவே" என்பார். பாதி கிண்டல், பாதி நிஜம்.

பதினெட்டு வருஷம் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்தவர் கோமளவல்லி. குத்துவிளக்கும் வாழைமரமும் போட்டுப் போட்டுச் சலித்துவிட்டது. கீறல், கறை, துரு, உரிந்த பெயின்ட் என்று படத்தின் மேல் ஏற்றும் கிரஞ்ச் வேலையை இந்தக் கடையில்தான் முதன்முதலில் பார்த்தார்.

"ஐயோ, அழுக்கு எவ்வளவு அழகா இருக்கு!" என்று கத்தியே விட்டார். அன்றிலிருந்து அதே பைத்தியம்தான்.

சொந்தமாகச் செய்ய முதல் வேலையும் வந்தது. பெண்கள் கபடி அணிக்கு ஒரு போஸ்டர். இரண்டு முறை செய்தார். இரண்டு முறையும் கேப்டன் பாண்டீஸ்வரி உதட்டைப் பிதுக்கினாள்.

"யாரோ எங்க மேல குப்பையைக் கொட்டின மாதிரி இருக்குக்கா. அஞ்சு மணிக்கு வருவேன். அப்பவும் சரியில்லைன்னா வேற கடை பார்த்துக்கிறோம், தப்பா நினைக்காதீங்க."

அவள் படியிறங்கியதும் கோமளவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவும் போனால் மறுபடி குத்துவிளக்குதான் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டார்.

"குருவே, நாற்பது டெக்ஸ்சர் போட்டிருக்கேன். நெட்ல நல்ல நல்ல கீறலாப் பொறுக்கி இறக்கினது. அப்பவும் ஏன் பொய்யாத் தெரியுது?"

பெனடிக்ட் போஸ்டரைப் பார்க்கவே இல்லை. அவர் முன்னால் இருந்த கீபோர்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"இதுல எந்த எழுத்து அழிஞ்சிருக்கு?"

"என்ன, கிண்டலா? இசட். அப்புறம் கன்ட்ரோல். செஞ்சது பிடிக்கலைன்னா அந்த ரெண்டையும் சேர்த்து அமுக்கித்தானே அழிக்கிறேன்? ஒரு நாளைக்கு இருநூறு தடவை!"

"க்யூ?"

"அது புத்தம் புதுசா இருக்கு. அதைத் தொடுறதே இல்லையே."

"இந்த டெக்ஸ்சரை எந்த நெட்ல இறக்கினீங்க?"

கோமளவல்லி தேய்ந்த இசட்டை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் நாற்காலி பின்னால் சரிய எழுந்தார்.

"குருவே, ஸ்கூட்டி சாவி எங்க?"

போன வேகத்தில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மைதானத்தில் அணி பயிற்சியில் இருந்தது. ஓரமாக நின்று பார்க்கவெல்லாம் அவருக்குப் பொறுமை இல்லை. நேரே கோட்டுக்குள்ளேயே போய்விட்டார்.

"பாண்டீஸ்வரி, நீ எங்கம்மா விழுவ?"

"என்னக்கா கேள்வி இது?"

"சொல்லும்மா, நேரமில்லை!"

அவள் சிரித்துக்கொண்டே முட்டியில் போட்டிருந்த உறைகள் இரண்டையும் கழற்றிக் காட்டினாள். இடது உறை நேற்று வாங்கியது போல் இருந்தது. வலது உறை நைந்து, நூல் பிரிந்து, நடுவில் ஓட்டையே விழுந்திருந்தது.

"நடுக்கோட்டை எட்டித் தொடுறப்போ எப்பவும் இந்த முட்டியிலதான் விழுவேன்க்கா. ரெண்டு வருஷமா."

"குடு அதை!"

"ஐயே, நாத்தம் அடிக்கும்க்கா!"

"அடிக்கட்டும்!"

கடைக்கு வந்ததும் வராததுமாக ஸ்டாம்ப் பேடு மையை உறையில் தடவி வெள்ளைத்தாளில் அழுத்தினார். முதல் தாளில் ஒரே மைத்திட்டு. இரண்டாவதில் ஒன்றுமே விழவில்லை. சேலையெல்லாம் மை. பதினோராவது தாளை உரித்தெடுத்தவர் போட்ட சத்தத்தில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மாடிக்கே ஓடி வந்துவிட்டார்.

"குருவே! வந்துடுச்சு! நூல் நூலா வந்துடுச்சு, ஓட்டைகூட விழுந்திருக்கு பாருங்க!"

பெனடிக்ட் பார்த்தான். தலையை மட்டும் ஆட்டினான்.

தாளை ஸ்கேன் செய்தார். போஸ்டரில் இருந்த நாற்பது டெக்ஸ்சரையும் தூக்கி எறிந்தார். அணியின் பெயர் பெரிதாக இருந்தது. அதன் கடைசி எழுத்துக்குக் கீழே, வலது பக்கம், அந்த ஒரே அச்சை வைத்தார். பெரிசு. அழித்தார். கறுப்பு அதிகம். அழித்தார். கோணல். அழித்தார். இசட் சத்தம் நிற்கவே இல்லை.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பாண்டீஸ்வரி வந்தாள். திரையைப் பார்த்தாள்.

பாண்டீஸ்வரியின் கை தானாகத் தன் வலது முட்டிக்குப் போனது.

"அக்கா... இது நான்."

அடுத்த நொடி படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "ஏய், எல்லாரும் மேல வாங்கடி!" என்று ஊரே கேட்கக் கத்தினாள். அணி மொத்தமும் தடதடவென்று ஏறி வந்தது. ஒருத்தி விசிலே அடித்தாள். அச்சுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு, கோமளவல்லியைக் கட்டிப்பிடித்து, தங்கள் சட்டையிலும் மையை அப்பிக்கொண்டு போனார்கள்.

கடை அடங்கியது. கோமளவல்லிக்கு மட்டும் இன்னும் அடங்கவில்லை.

"பிடிச்சுட்டேன் குருவே! சூட்சுமம் தெரிஞ்சுபோச்சு. இனிமே இசட் பக்கமே போக வேண்டாம், என்ன?"

பெனடிக்ட் தன் கீபோர்டை அவர் பக்கம் திருப்பி வைத்தான். கறுப்பு கீபோர்டில் ஒரே ஒரு பட்டன் மட்டும் வெள்ளை. வேறு எதிலிருந்தோ பிடுங்கி மாட்டியது.

"இது மூணாவது இசட், அக்கா."